பராக்கு

ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ராக்ஷன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'கவனச் சிதறல்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. சௌகரியமான சொல்தான். சௌகரியமான சொற்கள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நாலைந்து வெவ்வேறு மனநிலைகளை இது ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. வாசகன் ஏன் கவிதையிடம் வருவதில்லை என்று கேட்டால், செல்போனால் கவனம் சிதறிவிட்டது என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதற்கும் இந்தச் சாக்குதான் காரணம்.

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு வெவ்வேறு பக்கம் இழுத்தல் என்று பொருள். ஷேக்ஸ்பியர் காலத்தில் புத்தி பேதலித்தவனையும் அதே சொல்லால் குறித்தார்கள். அந்த இடத்தில் தமிழில் 'பித்து' என்றுதான் சொல்ல வேண்டும். 1670இல் வெளியான தம் சிந்தனைக் குறிப்புகளில் பாஸ்கல் பேசுகிற 'திவெர்திஸ்மான்' இதிலிருந்து வேறானது. மனிதன் தன் நிலைமையையும் சாவையும் நினையாதிருக்க வேட்டையையும் சூதாட்டத்தையும் நாடுகிறான் என்கிறார் அவர். இதற்கு நம்மிடம் இருக்கும் சொல் பொழுதுபோக்கு. முன்னதில் மனம் கிழிபடுகிறது. பின்னதில் மனம் வேறுபக்கம் திருப்பப்படுகிறது. கிழிபடுகிறவன் வேதனைப்படுகிறான், திருப்பப்பட்டவன் சுகமாக இருக்கிறான். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

வள்ளுவர் இன்னொன்றைத் தனியே பிரித்துக் காட்டுகிறார். 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் வருகிற மறதி என்று பரிமேலழகர் விளக்குகிறார். அளவு கடந்த கோபத்தை விடவும் அது கெட்டது என்பது முதல் குறளின் கருத்து. அதிகாரம் அரசியலில் வைக்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. ஜெயித்தவனுக்கு வருகிற நோய் இது. முதல் தொகுதி பாராட்டப்பட்டதும் இரண்டாவதில் அதையே திரும்ப எழுதுகிற கவிஞனை நாம் அறிவோம். அவனை எந்தச் சத்தமும் கலைக்கவில்லை, எதுவும் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இருந்தும் அவன் கவனம் போய்விட்டது.

சிதறலை எண்ணிக்கையோடு சேர்த்து நினைப்பதும் சரியல்ல. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்தார். தெலுங்கு அஷ்டாவதானத்தில் 'அப்ரஸ்துத பிரசங்கம்' என்று ஓர் அங்கமே உண்டு. சம்பந்தமில்லாத பேச்சைக் கொடுத்து அவதானியைக் குலைக்கப் பார்ப்பதற்கென்றே ஒருவரை எதிரில் உட்கார வைக்கிறார்கள். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். ஆக, பல விஷயங்கள் மனதில் இருப்பதே சிதறல் ஆகிவிடாது.

காளிதாசனின் சகுந்தலையை எடுத்துக்கொள்வோம். மகாபாரதக் கதையில் சாபம் கிடையாது. துர்வாசரைக் கொண்டுவந்தது காளிதாசன். நான்காம் அங்கத்தில் முனிவர் வாசலில் வந்து குரல் கொடுக்கிறார், துஷ்யந்தன் நினைவில் இருக்கும் அவள் காதில் அது விழவில்லை. முனிவருக்கு அது கவனக்குறைவு, அவமதிப்பு. ஆனால் அவள் மனம் அவனைத் தவிர வேறெதிலும் இல்லை என்பதைத் தம் சாப வாக்கியத்திலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். அதாவது குற்றமும் ஒருமுகப்பட்ட மனமும் இங்கே ஒன்றேதான். கவனமின்மை என்பது பெரும்பாலும் வாசலில் நிற்பவரின் வார்த்தை. கவனத்தைக் கோருகிறவர் தமக்குக் கிடைக்காததற்கு வைக்கிற பெயர்.

இதைத் தெளிவாகக் காட்டுகிற ஒரு சொல் பேச்சு வழக்கில் இருக்கிறது: பராக்கு. தெருவில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் 'பராக்குப் பார்க்காதே' என்று அதட்டுகிறோம். அரசன் சபைக்கு வரும்போது கட்டியக்காரன் கூவுவதும் 'பராக், பராக்' தான். வடமொழியில் பராக் என்றால் வெளிநோக்கி, அப்பால். புலன்கள் வெளிநோக்கித் திறந்துவிடப்பட்டவை, அதனால் மனிதன் உள்ளே பார்ப்பதில்லை என்று கடோபநிஷத்து குறைப்படுவது இந்தச் சொல்லை வைத்துத்தான். ஒரே சொல், பிள்ளையிடம் கவனமின்மை. கட்டியக்காரனிடம் கவனத்துக்கான கட்டளை. கண் வெளியே போவது இரண்டிலும் உண்டு. பிள்ளையின் கண் தானாகப் போகிறது. சபையில் இருப்பவன் கண்ணை இன்னொருவன் இழுத்துப் போகிறான்.

செல்போனை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அது பிள்ளையின் பராக்கு அல்ல. சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிற கட்டியக்காரன் அது. ஒவ்வொரு முறை அது ஒலிக்கும்போதும் யாரோ ஒரு ராஜா வந்துகொண்டிருக்கிறார். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் பத்து வருஷங்களுக்கு முன்பு டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்கள் காலண்டரையும் மின்விசிறியையும் அடுத்தவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எல்லாத் தலைகளும் குனிந்திருக்கின்றன. அவர்களிடம் கவனம் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அளவுக்கு மீறிய கவனம் இருக்கிறது. காணாமல் போனது பராக்கு.

இது இலக்கியத்துக்கு நஷ்டம். கவுண்டரில் நோட்டு எண்ணும்போது எனக்கு வேண்டியது சுத்தமான கவனம். மாலையில் கணக்கு நேராகிவிட்டால் அந்தக் கவனத்தின் வேலை முடிந்தது. அதிலிருந்து ஒரு வரி கூடப் பிறந்ததில்லை. கவிதைக்கு வேண்டியிருப்பது இன்னதைத்தான் பார்ப்பது என்று முன்கூட்டித் தீர்மானிக்காத கண். படிப்பவனுக்கும் இது பொருந்தும். நல்ல கவிதையின் நடுவில் கண் பக்கத்தை விட்டு எழும்புகிறது, ஜன்னலுக்கோ பழைய ஞாபகத்துக்கோ போகிறது, திரும்பி வருகிறது. வரும்போது அந்த வரி முன்பிருந்த வரியாக இருப்பதில்லை. கடைசிவரை கண்ணை எழும்பவே விடாத எழுத்தைச் சர்க்குலரில் பார்க்கலாம், தொடர்கதையிலும் பார்க்கலாம். எனவே விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி, கவனம் விலகியதா என்பதல்ல. கவிதை அனுப்பி விலகியதா, வேறொருவன் கூப்பிட்டு விலகியதா என்பதுதான்.

நம் பத்திரிகைகள் 'தீவிர வாசகன்' வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுவருகின்றன. அந்தக் கோரிக்கையிலும் கட்டியக்காரனின் குரல் கேட்கிறது. கவிதைக்கு முன்னால் நின்று, பராக், வருவது சாமான்யமானதல்ல என்று நாமும் கூவிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே ஆயிரம் கட்டியங்களுக்குத் தலை வணங்கிக் களைத்தவனுக்கு இது ஆயிரத்தொன்றாவது. அடுத்த ஒரு வருஷத்துக்கு, வரும் தொகுதிகளை முன்னுரை இல்லாமல் அச்சிட்டுப் பார்க்கலாம்.