மலை வெறும் உவமையா?

குருமடத்தில் ஆன்மிக இறையியல் பயின்ற நாள்களில் எங்கள் பேராசிரியர் அடிக்கடி எடுத்தாண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, தம் தம்பி கெரார்தோவுடன் தென் பிரான்சிலுள்ள வாந்து மலைமீது ஏறினார். உச்சியில் நின்று நாற்றிசையும் கண்டு வியந்தபின், கையோடு கொண்டு சென்றிருந்த புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்' நூலைத் திறந்தார். மலைகளையும் கடல்களையும் கண்டு வியக்கும் மனிதர் தம்மையே காண மறக்கின்றனர் என்று புனிதர் வருந்தும் பகுதி அவர் கண்ணில் பட்டது. கவிஞர் நாணித் தலைகுனிந்து, பேசாமல் இறங்கிவந்தார். 'மலை வெளியே இருக்கிறது. ஆன்மா உள்ளே இருக்கிறது. உள்ளே திரும்புங்கள்' என்று பேராசிரியர் பாடத்தை முடிப்பார்.

குருவான பின் இந்நிகழ்ச்சியை நானும் பல தவக்கால மறையுரைகளில் கூறியிருக்கிறேன். ஓரேபும் தாபோரும் எனக்கு நல்ல உவமைகளாகவே இருந்தன. மலைக்கு எடையுண்டு, குளிருண்டு, ஏறுகிறவருக்கு முழங்கால் உண்டு என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில், இங்கிலாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய உடன்குரு ஒருவர் இரண்டு ஆங்கில நூல்களை என் கையில் தந்தார். ஒன்று மலையில் ஓடுகிறவரின் நூல். மற்றொன்று மலையில் நடப்பவரின் நூல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். என் பழைய மறையுரை பழையபடி நிற்கவில்லை. அது ஏன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

ஓடுகிறவரின் நூல்

ரிச்சர்ட் ஆஸ்க்வித் என்னும் பத்திரிகையாளர் எழுதி 2004-இல் வெளிவந்தது 'ஃபீட் இன் த க்ளவுட்ஸ்'. மேகங்களில் பதியும் பாதங்கள் என்று பொருள் கொள்ளலாம். வட இங்கிலாந்தில் மரமற்ற உயர் குன்றுகளை 'ஃபெல்' என்பர். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல் அது. அக்குன்றுகளில் பாதையிருந்தாலும் இல்லாவிட்டாலும், சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்கி ஓடும் விளையாட்டே இந்நூலின் பொருள்.

இந்த ஓட்டத்தின் நடுவே நிற்பது ஒரு சுற்று. 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கெஸ்விக் நகரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம் என்பவர் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். தொலைவு ஏறத்தாழ 66 மைல். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 8,000 மீட்டரைத் தாண்டும். அப்போது அவர் நாற்பதைக் கடந்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அதை இரண்டாவதாக ஒருவர் நிறைவேற்ற 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்க்வித் இச்சுற்றில் பலமுறை முயன்று தோற்று, இறுதியில் வென்ற வரலாறே நூலின் முதுகெலும்பு.

நூலின் பெருஞ்சிறப்பு, அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதில் உள்ளது. ஆடு மேய்ப்பவர், கல் கொத்துபவர், தோட்ட வேலை செய்பவர் ஆகியோரே இதில் வீரர்கள். 1982-இல் அதே சுற்றை 13 மணி 53 நிமிடத்தில் முடித்த பில்லி பிளாண்ட் ஒரு கல்தச்சர். பெரும் பணமோ பெரும் புகழோ இவ்விளையாட்டில் இல்லை. ஊர்த் திருவிழாப் பந்தயங்களில் சிறு பரிசுப்பணம் பெற்றவர்களைக்கூட, 'அமெச்சூர்' சங்கங்கள் நெடுங்காலம் தம் பந்தயங்களில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கின. அந்த அநீதியை ஆசிரியர் விரிவாகப் பதிவு செய்கிறார். 'அமெச்சூர்' என்பதன் இலத்தீன் வேர் அன்பு செய்தலைக் குறிக்கும் சொல். அன்பின் பெயரால் ஏழையைப் புறந்தள்ளிய கதை நமக்கும் புதியதன்று.

குறை எங்கே? ஆசிரியரே நூலின் துணைத்தலைப்பில் அதைச் சொல்லிவிடுகிறார். 'பித்து' என்று பொருள்படும் சொல்லை அவர் மறைக்கவில்லை. ஆனால் பித்தை ஒப்புக்கொள்வதும் அதை ஆராய்வதும் வேறு வேறு. ஒப்புரவு அருள்சாதனத்தில் அமர்ந்து பழகியவர்கள் இவ்வேறுபாட்டை அறிவர். தம் குற்றத்தை மிகத் தெளிவாகவும் சுவையாகவும் சொல்லிவிட்டு, அதே நடையில் வெளியேறுகிறவர்கள் உண்டு. இந்நூலின் பல பக்கங்களில் மணிக்கூடு ஆள்கிறது. வலி தானாகவே ஒரு புண்ணியம் போலக் காட்டப்படுகிறது. வீட்டில் காத்திருப்போர் ஓரத்தில் நிற்கின்றனர். துன்பத்துக்குப் பொருள் தருவது, அது யாருக்காக ஏற்கப்படுகிறது என்பதே எனக் கற்ற நமக்கு இது நெருடுகிறது.

ஐம்பதுக்குப் பின்

எனினும் இவ்வுலகிலிருந்தே இன்னொரு சான்றும் எழுகிறது. வாஸ்டேல் பள்ளத்தாக்கின் ஆயர் ஜாஸ் நெய்லர் 1936-இல் பிறந்தவர். இளமையிலேயே முதுகில் அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர். 1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஏறி இறங்கினார். 1986-இல், தம் ஐம்பதாம் வயதில், வெயின்ரைட் என்பவரின் வழிகாட்டி நூல்களில் இடம்பெற்ற 214 குன்றுகளையும் ஏழு நாள்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்தார். அறுபதில் 60 சிகரங்கள். எழுபதில் 70 சிகரங்கள். 2024-இல், 88-ஆம் வயதில் மறைந்தார்.

இக்கணக்குகளைக் கண்டு, முதுமையை மறுக்கும் இன்னொரு செருக்கு என்றே முதலில் எண்ணினேன். என் கருத்தை மாற்றியது அவர் பிறருக்காக வகுத்த ஒரு பாதை. ஐம்பது வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே உரிய அப்பாதை 48 மைல் நீளமும் 30 சிகரங்களும் கொண்டது. ஐம்பது முதல் ஐம்பத்து நான்கு வயதுவரை உள்ளவர்க்கு 12 மணி நேரம். வயது ஏற ஏற நேரமும் ஏறி, அறுபத்தைந்தைக் கடந்தவர்க்கு 24 மணி நேரம். மலை அதே மலைதான். சிகரங்களில் ஒன்றுகூடக் குறைக்கப்படவில்லை. மணிக்கூடு மட்டும் மனிதனைப் பார்த்துத் தன்னை அளந்துகொள்கிறது. முதியவரைப் பார்த்து 'உமக்கு இது வேண்டாம்' என்று சொல்வது இரக்கம்போலத் தோன்றும். 'இதே பணிதான், உமக்குரிய நேரத்தில் செய்யும்' என்று சொல்வதில் நீதி இருக்கிறது. நம் பங்குகளில் மூத்தோரை முன்வரிசை நாற்காலியில் மரியாதையுடன் அமர்த்திவிட்டுப் பொறுப்புகளிலிருந்து அகற்றிவிடும் நாம், இந்த ஆயரிடம் கற்க வேண்டியது உண்டு.

குளிர்காலம் கேட்கும் கேள்வி

கோடையில் விளையாட்டாக இருப்பது குளிர்காலத்தில் அறநெறிக் கேள்வியாகிறது. டிசம்பர் நடுவில் அக்குன்றுகளில் பகலொளி ஏழரை மணி நேரம்கூட நீடிப்பது அரிது. மேகம் இறங்கினால் சில அடி தொலைவே தெரியும். ஓடுகிறவர் மெல்லிய உடையே அணிகிறார். ஓடும்வரை உடலே அடுப்பாகி அவரைக் காக்கிறது. கணுக்கால் பிசகி அமர நேர்ந்தால் அந்த அடுப்பு அணைகிறது. நனைந்த உடையும் காற்றும் வெப்பத்தை உறிஞ்ச, கைவிரல்கள் மரத்து, பின்னர் சிந்தனையே தடுமாறும். தாம் ஆபத்தில் இருப்பதை உணரும் ஆற்றலும் அப்போது குன்றிவிடுகிறது. வயதானோரின் உடல் குளிரைத் தாமதமாக உணர்வதும், நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் தளர்வதும் மருத்துவம் அறிந்தவை. அதனால்தான் மழைக்காப்பு உடை, நிலவரைபடம், திசைகாட்டி, ஊதல், உணவு ஆகியவற்றைச் சுமந்து செல்லுமாறு போட்டி நடத்துவோர் கேட்கின்றனர். தவறியவரைத் தேடி இரவில் மலையேறும் மீட்புக் குழுவினர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

அவ்வாறாயின், இந்த ஆபத்தை விரும்பி ஏற்பது முறையா? இக்கேள்விக்கு ஓடுகிறவரின் நூலைவிட ஆழமான விடை இரண்டாம் நூலில் கிடைத்தது.

நடப்பவரின் நூல்

நேன் ஷெப்பர்ட் 1893-இல் பிறந்து 1981-இல் மறைந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர். அபர்டீனில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தவர். கெய்ர்ன்கார்ம் மலைத்தொகுதியில் வாழ்நாள் முழுதும் நடந்தவர். தம் ஐம்பதுகளின் தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில், 'த லிவிங் மவுண்டன்' என்னும் சிறு நூலை எழுதினார். வெளியீட்டாளர் ஒருவர் மறுக்கவே, கையெழுத்துப்படியை இழுப்பறையில் வைத்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப்பின் 1977-இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது எண்பத்து நான்கு. அவசரம் இல்லாத அன்பு இது.

பன்னிரண்டு இயல்களில் பீடபூமி, நீர், உறைபனி, காற்று, செடிகொடிகள், உயிரினங்கள், மனிதர், உறக்கம், புலன்கள் என்று மலையை அணுகி, இறுதியில் 'இருத்தல்' என்னும் இயலில் முடிக்கிறார். இளமையில் உயரத்தின் கிளர்ச்சியையே தேடியதாகவும், காலப்போக்கில் சிகரத்தை மறந்து மலைக்குள் செல்லக் கற்றதாகவும் அவர் கூறுவது நூலின் திறவுகோல். ஓடைநீருக்கும் உறைபனிக்கும் இடையே நடக்கும் போராட்டத்தைக் குளிர்கால நாள் முழுதும் பார்த்த பகுதி, எனக்குத் தெரிந்த எந்தத் தியான நூலுக்கும் குறைந்ததன்று. மலையைப் பந்தயக் களமாக்குவது ஓர் அனுபவத்தை ஆட்டமாகச் சுருக்குவது என்று அவர் கண்டிக்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, ஓட இத்தகைய களத்தைத் தேர்ந்த இளைஞர்களை வியக்கவும் செய்கிறார். தீர்ப்புச் சொல்லிவிட்டு அன்பைக் கைவிடாத இப்பண்பு திறனாய்வாளர்க்கும் குருக்களுக்கும் ஒருங்கே தேவையானது.

பனிப்புயலில் சிக்கி இறந்த இரு இளைஞரைப் பற்றி அவர் எழுதும் இடமே என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஒரு பாறைப் புகலிடத்தில் வைக்கப்பட்டிருந்த குறிப்பேட்டில் அவர்கள் தம் மகிழ்ச்சியை எழுதிவிட்டுச் சென்றிருந்தனர். அவர்கள் தவறாகக் கணித்திருக்கலாம்; ஆயினும் தீர்ப்பிட மறுக்கிறார் ஆசிரியர். மலையில் தன் பொறுப்பைத் தானே ஏற்கும் எவரும் ஏற்கும் ஆபத்து அது என்கிறார். இளைஞர் பலரை அடக்கம் செய்து, பெற்றோர் அருகில் சொல்லற்று நின்ற எனக்கு இச்சொல் எளிதில் செரிக்கவில்லை. பொறுப்பு என்பது தனியொருவரோடு முடிவதில்லை. தேடிச் செல்பவர் உயிரும் அதில் அடங்கும். இவ்விடத்தில் ஷெப்பர்டைவிட அதிகம் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் இறந்தவரைக் குறைகூறித் தன் அச்சத்தை ஆற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை அவர் மறுப்பது சரியே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்நூல் 'இருத்தல்' என்பதோடு நிற்கிறது. 'நீர்' என்று யாரையும் அழைப்பதில்லை. கீழைச் சமயங்களின் சாயல் அதில் உண்டு. கிறிஸ்தவ வாசகர் இந்த எல்லையை உணர்வது இயல்பு. அதற்காக ஆசிரியருக்கு வலிந்து திருமுழுக்கு அளிக்க வேண்டியதில்லை. படைப்பை இவ்வளவு பொறுமையுடன் உற்றுநோக்கியவரிடம், படைத்தவரை நம்புகிறோம் எனும் நாம் ஏன் இத்தனை அவசரமாய்க் கடந்து செல்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது போதும்.

மீண்டும் அந்த மறையுரை

திருத்தந்தை 11-ஆம் பயஸ், அக்கீலே ராத்தி என்னும் இளங்குருவாக இருந்தபோது, 1889-இல் மோந்தே ரோசா மலையின் கீழைச் சரிவு வழியே ஏறினார். குறுகிய பாறை விளிம்பில் ஓர் இரவு முழுவதையும் கழிக்க நேர்ந்தது. மலையேற்றம் கண்மூடித் துணிவது ஆகாது. முன்மதியும் அளவான வீரமும் அதற்கு வேண்டும் என்பது அவர் எழுத்தின் சாரம். 1922-இல் பேதுருவின் அரியணை ஏறியபின், 1929 உடன்படிக்கை வரை வத்திக்கான் எல்லைக்குள்ளேயே அவர் வாழ நேர்ந்தது. அந்நாள்களில், 1923-இல், மேந்தோன் நகர்ப் புனித பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். மலையை அவர் உவமையாக மட்டும் அறிந்திருந்தால், அங்கு ஏறுகிறவர்க்கு ஒரு பாதுகாவலர் வேண்டும் என்று எண்ணியிருக்கமாட்டார்.

பெத்ரார்க்காவின் கடிதத்தை மீண்டும் படித்தேன். நான் மறையுரைகளில் விட்டுவிட்ட செய்தி ஒன்று அதில் இருந்தது. எளிய வழி தேடிச் சுற்றிச்சுற்றி அலைந்தவர் கவிஞர். நேரே மேலேறிச் சென்று அவருக்காகக் காத்திருந்தவர் தம்பி. பின்னாளில் துறவு பூண்டு கார்த்தூசியர் மடத்தில் சேர்ந்தவரும் அத்தம்பியே. மலையில் முழு உடலோடும் நடந்தது அவர் உள்ளே திரும்பத் தடையாகவில்லை. அகுஸ்தினாரும் மலையை வெறுக்கச் சொல்லவில்லை. வியக்கிறவன் தன்னையும் அவ்வியப்பில் சேர்த்துக்கொள்ளவில்லையே என்றுதான் வருந்தினார். வாக்கு மனிதரானார் என்று அறிக்கையிடும் நாம், உடலைக் கழித்துவிட்டு ஆன்மாவைத் தேடுவது எங்ஙனம்?

ஐம்பதைக் கடந்த என் முழங்கால்களும் இப்போது பேசத் தொடங்கியுள்ளன. திருப்பலியில் முழங்காலிட்டு எழும்போது பீடத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறேன். இறைமக்கள் கவனிப்பார்களோ என்று சில காலம் கூசினேன். விரைவாக எழ முயன்று தடுமாறியதும் உண்டு. இப்போது விரைவதில்லை. அதே முழங்காலிடுதல்தான், நேரம் மட்டும் சற்றுக் கூடியிருக்கிறது. வரும் தவக்காலத்தில் வாந்து மலைக் கதையை மீண்டும் சொல்வேன். இம்முறை தம்பியிலிருந்து தொடங்குவேன்.