மொழி ஒன்றானால் நாடு ஒன்றாகுமா?

ஒரு நாட்டிற்கு ஒரே ஆட்சிமொழி இருந்தால்தான் ஒற்றுமை நிலைக்கும் என்னும் கருத்து அவ்வப்போது எழுப்பப்படுகிறது. இக்கருத்தைச் செயலில் சோதித்துப் பார்த்தவரும் பின்னர் அதன் இடரை உணர்ந்து எதிர்த்தவரும் ஒருவரே. அவர் நம் சேலம், நாமக்கல் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய இராஜாஜி.

சேலத்தில் வழக்குரைஞராக விளங்கிய அவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்கைப் பரப்ப அங்கிருந்து அவர் நடத்திய ‘விமோசனம்’ தமிழ் இதழே. இப்பகுதி மக்களை ஒரு நோக்கில் இணைக்க, அவர்கள் அறிந்த மொழியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆயினும், சென்னை மாகாண ஆட்சித் தலைமையை ஏற்றபின், 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கினார். மறியலும் சிறையும் தொடர்ந்தன. சிறைவாசத்தின்போது 1939இல் நடராசனும் தாளமுத்துவும் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரி 21இல் அக்கட்டாயம் விலக்கப்பட்டது.

பொதுமொழியொன்றைக் கற்பதன் பயனை நாம் மறுக்கவில்லை. வணிகத்திற்கும் நிர்வாகத்திற்கும் அது உதவும். ஆனால் ஒருவருக்குத் தாய்மடியில் கிடைத்த மொழியை மற்றவருக்குத் தேர்வாகவும் தகுதியாகவும் விதிக்கும்போது, இணைப்புப் பாலம் ஏற்றத்தாழ்வின் படிக்கட்டாகிவிடுகிறது. 1958இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை இராஜாஜி எதிர்த்ததன் நியாயமும் இதுவே.

இப்பாடம் முஸ்லிம்களாகிய நமக்கும் உரியது. பாகிஸ்தானின் அரசுமொழி உருது மட்டுமே என்று 1948 மார்ச்சில் டாக்காவில் ஜின்னா அறிவித்தார். 1952 பிப்ரவரி 21இல் அந்நகரில் வங்கமொழிக்காக மாணவர் இரத்தம் சிந்தினர். 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பு வங்கத்தையும் ஏற்றது. எனினும் ஏற்பட்ட பிளவு ஆறவில்லை. பொருளாதார, அதிகார ஏற்றத்தாழ்வுகளும் சேர, 1971இல் நாடு இரண்டாயிற்று. மார்க்கம் ஒன்றாயிருந்தும், திணிக்கப்பட்ட மொழி அவர்களை இணைக்கவில்லை.

திணிப்பின்றியே மொழி ஒன்றாயிருந்த இடத்தின் நிலை என்ன? எகிப்தும் சிரியாவும் 1958இல் ஒரே குடியரசாயின. இரண்டிற்கும் அரபியே ஆட்சிமொழி. 1961இல் அக்குடியரசு கலைந்தது. அரபியைக் கற்பிக்கும் நாம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் எண்ணுகிறது (30:22). சேலத்துப் பள்ளிவாசல்களில் இல்லத்தில் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர். அவர்களை அங்கே நிறுத்தியது அரசாணை அன்று.

இந்தி பேசாத மாநிலங்கள் இசையும்வரை ஆங்கிலமும் தொடரும் என்று 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உறுதியளித்தது. இசைவைக் கேட்டு நிற்கும் அச்சட்டமே, எந்த ஒற்றை மொழியையும்விட, நாட்டை இணைக்கும் ஆற்றல் உடையது என்பது நம் துணிபு.