குட்டன்பர்க் பெயரால்

எழுதும் சாதனத்தைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் விமர்சனம் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகச் செய்யலாம் என்பது என் கட்சி. பேனா சரியில்லை என்று சொல்ல எழுதுகிறவனைவிட உரிமை உள்ளவர் யார்?

வலைப்பதிவு எழுதுகிற எத்தனையோ பேருக்கு மேஜையாக இருந்து வருவது 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள். ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி, அதன் தலையில் ஒரு வரிசைப் பொத்தான்கள். உட்கார்ந்தால் எழுத ஆரம்பித்துவிடலாம். 2018 டிசம்பர் 6-ந் தேதி வந்த 5.0 பதிப்பில் அந்தப் பெட்டியை அகற்றிவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அதற்குச் சூட்டிய பெயர் குட்டன்பர்க்.

புது ஏற்பாட்டில் ஒவ்வொரு பத்தியும் ஒரு தனிக் கட்டம். தலைப்பு ஒரு கட்டம், படம் ஒரு கட்டம். கட்டத்தை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், வர்ணம் பூசலாம். படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கடை விளம்பரம் தயாரிக்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்தான், வாஸ்தவம்.

ஆனால் கதை எழுதுகிறவன் பத்திகளை அடுக்கி வைப்பதில்லை. ஒரு பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களையும் அடுத்ததன் முதல் வாக்கியத்தையும் சேர்த்து வெட்டி வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கிறான். திருத்துவது என்பதில் பாதி இந்த வேலைதான். 5.0-ல் இது நடக்காது. ஒரு பத்தியின் நடுவிலிருந்து அடுத்த பத்தியின் நடுவரை இழுத்தால் இரண்டு கட்டங்களும் முழுசாகப் பிடிபடும். 2022 மே மாதம் வந்த 6.0 பதிப்பில்தான் இந்தக் குறை தீர்ந்தது. ஏறக்குறைய மூன்றரை வருஷம்! எழுதித் திருத்துகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பெயர்ப் பொருத்தம்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க் தனித்தனி உலோக எழுத்துக்களைக் கோத்து முழுப் பக்கமாக்கினார். இவர்களோ முழுப் பக்கத்தை எடுத்துத் துண்டு துண்டாக்கினார்கள். அச்சுக்கூடத்தில் எழுதுகிறவர் வேறு, கம்பாசிட்டர் வேறு. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தால் எழுத்தாளன் வேலை முடிந்தது. இப்போது வாக்கியம் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பாசிட்டர் வேலையையும் அவன் தலையில் கட்டுகிறார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டுவரும் இணைப்பு நிரலை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் போட்டுக்கொண்டன. அதற்கு உபயோகித்தவர்கள் தந்த மதிப்பு ஐந்து நட்சத்திரத்தை நெருங்குகிறது. குட்டன்பர்க் நிரல் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்னும் சிலர் பழைய 4.9 பதிப்பையே எடுத்துக்கொண்டு கிளாசிக்பிரஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். இதில் துரோகம் ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸே பி2 என்ற இன்னொரு நிரலிலிருந்து அப்படிப் பிரிந்து வந்த பிள்ளைதான்.

பழைய பெட்டிக்கு 2021 கடைசிவரைதான் ஆதரவு என்று முதலில் கெடு வைத்தார்கள். பிறகு 2022 என்றார்கள். அதோடு, அவசியமுள்ள காலம்வரை என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள்.