தீவாளும் பகடையும்

1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. அதில் ஒரு மந்திர ஆயுதத்துக்கான விதி பெரும்பாலும் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். அந்தச் சுருக்கம்தான் பொருள்கொள்ளும் கலைக்கு இடம் தருகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'ஃபிளேம் டங்' வாளைப் பார்க்கலாம். கட்டளைச் சொல்லைச் சொன்னதும் அலகில் தீ மூளும். வெட்டு பட்டால் இரண்டு ஆறுமுகப் பகடைகள் அளவுக்குக் கூடுதல் தீச்சேதம். இருபதுமுகப் பகடையில் 20 விழுந்து 'கிரிட்டிக்கல்' அடி ஆனால், தீயின் பகடைகளும் இரட்டிக்குமா? தாக்குதலின் சேதப் பகடைகள் அனைத்தும் இரட்டிக்கும் என்பதே விதி. நான்கு உருட்டலாம், ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்ததுதான் சிக்கல். 2014 விதிகளின்படி, பெருவாளை இரு கைகளாலும் வீசும் வீரர், 'கிரேட் வெப்பன் ஃபைட்டிங்' பயிற்சி இருந்தால், சேதப் பகடையில் விழும் 1, 2 ஆகியவற்றை மறுபடி உருட்டலாம். தீயின் பகடைக்கும் இது செல்லுமா? விதியின் சொற்கள் தடுக்கவில்லை. ஆனால் பாலடின் என்னும் புனிதப் போர்வீரர் தன் அடியோடு சேர்க்கும் 'டிவைன் ஸ்மைட்' சேதத்துக்கு இச்சலுகை கிடையாது, ஆயுதத்தின் சேதத்துக்கு மட்டுமே உண்டு என்கிறது வெளியீட்டாளரின் அதிகாரபூர்வ விளக்கம். ஸ்மைட் வீரரிடமிருந்து வருவது. தீயோ வாளோடு பிறந்தது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் எத்தனை சுவை! மறு உருட்டலை அனுமதிப்பதே பொருத்தம்.

இறுதித் தீர்ப்பு ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டருடையது. சொன்ன தீர்ப்பை அவர் எல்லா வீரர்களுக்கும் ஒன்றுபோல் பொருத்த வேண்டும்.