கம்பெனிக்கு ஒரு சட்டம், சர்க்காருக்கு ஒரு சட்டம்

2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு விதியை வெளியிட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்றது அது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தான் அனுமதித்த தளங்களை மட்டும் ‘ஃபிரீ பேசிக்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது ஃபேஸ்புக். விளம்பரங்கள் ஒருபுறம், பயனர்களைத் தூண்டி ட்ராய்க்கு அனுப்பவைத்த ஆதரவுக் கடிதங்கள் மறுபுறம். ட்ராய் அசையவில்லை. அபராதம் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது கொசுக்கடி. ஆனாலும் சில நாட்களிலேயே ஃபேஸ்புக் அந்தத் திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது.

விதி சுருக்கமானது. யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில் குழப்பமில்லை. அதுவே அதன் பலம். டேட்டா மலிந்தது மட்டும் இதனால் அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜியோவின் விலைப்போட்டியால். அந்தப் போட்டியில் பல நிறுவனங்கள் காணாமல் போனதை இந்த விதியால் தடுக்க முடியவில்லை. தடுப்பது அதன் வேலையும் அல்ல.

கட்டுப்படுத்த வேண்டியது அரசையே என்றாகும்போதுதான் இந்தத் தெளிவு மங்குகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக வந்தது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நல்லது இதில் நிறைய உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில், தமிழிலும்தான், படிக்க வழி செய்ய வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யத் தடை. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது வேறு கதை.

ஆனால் 17ஆம் பிரிவைப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, தான் அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். 2018இல் இந்தச் சட்டத்துக்காக ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் இத்தகைய விலக்குக்குத் தனிச் சட்டம் வேண்டும், அது தேவைக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. பத்திரிகைப் பணிக்கும் விலக்கு இருந்தது. இரண்டும் இப்போது இல்லை. போதாக்குறைக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் இது திருத்திவிட்டது. தனிநபர் தகவல் என்றாலே கேள்வியைத் திருப்பி அனுப்ப அலுவலருக்கு வழி கிடைத்திருக்கிறது. பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) இருக்கிறதே என்பது அரசின் பதில். அதற்காக மேல்முறையீட்டுக்கு அலையப்போவது மனுதாரர்தான்.

இணைய முடக்கத்திலும் இதே சாய்வு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. எல்லாத் தளத்தையும் சமமாக நடத்து என்று கம்பெனிக்குச் சொல்லும் அரசு, எல்லாத் தளத்தையும் ஒரே உத்தரவில் அணைக்க முடிந்தது. முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவை மறுஆய்வு செய்யும் குழுவிலோ அதிகாரிகளே இருக்கிறார்கள்.

2023 சட்டத்தின் கீழ் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியமும் அப்படித்தான். ஸ்ரீகிருஷ்ணா வரைவு தலைமை நீதிபதியையோ அவர் நியமிக்கும் நீதிபதியையோ தேர்வுக் குழுவின் தலைவராக வைத்தது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, வாரியத் தலைவரைத் தேடும் குழுவுக்கு அமைச்சரவைச் செயலாளர் தலைமை வகிக்கிறார். ஆதாரிலிருந்து ரேஷன் வரை நம் தரவை அதிகம் வைத்திருப்பது அரசு. அதன் மீது வரும் புகாரை அரசு நியமித்தவர்களே விசாரிக்கும்வரை, இதைப் பாதிச் சட்டம் என்றே சொல்ல வேண்டும்.