இரட்சணிய யாத்திரிகத்தில் இன்பப் பகிர்வு

தாம் பெற்ற சமய இன்பத்தை அடக்கமாட்டாமல் பிறர்க்கு உரைக்கும் கவிஞரைத் திறனாய்வாளர் எவ்வாறு மதிப்பிடுவது? எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) ‘இரட்சணிய யாத்திரிகம்’ இவ்வினாவிற்கு விடை தருகிறது.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்த அவர், 1858இல் கிறித்தவம் தழுவினார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, 1894இல் இக்காப்பியத்தை அளித்தார். கோட்பாட்டை நிறுவ முற்படும் இடங்களில் போதகர் குரல் ஓங்க, கவிஞர் குரல் தாழ்ந்துவிடுகிறது. இதனைக் குறையென்றே கூறல் வேண்டும்.

ஆயின், கதையினிடையே அவர் அமைத்த இரட்சணிய தேவாரப் பதிகங்களோ பனியனிடம் இல்லாதவை. ஆழ்வார், நாயன்மார் பாடல்களில் பழகிய செவிக்கு அவற்றின் உருக்கம் அயலானதன்று. தமிழ்ப் பக்தி மரபைத் துறவாமலே தம் புதிய நம்பிக்கையை அவர் பாடினார்.

நான் கிறித்தவன் அல்லேன். எனினும், அப்பதிகங்களை வாய்விட்டுப் படித்தபோது, மதம் மாற எவரும் என்னை வற்புறுத்தியதாக உணர்ந்திலேன். அண்டை வீட்டார் தம் திருநாள் பலகாரத்தை அன்போடு நீட்டியதாகவே உணர்ந்தேன். பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் மலேசிய மண்ணில், சமய இலக்கியம் படைப்போர் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.