பிழைத்தோர் சாட்சியும் மாண்டோர் சாட்சியும்

பேரிடரில் பிழைத்தவன் பேசுகிறான், மாண்டவன் பேசுவதில்லை. இவ்வெளிய உண்மையை மறந்துவிட்டுக் கேட்பதாலேயே, பிழைத்தோர் கூறும் சாட்சிகளுக்கு நாம் பிழையான பொருளைக் கொண்டுவிடுகிறோம்.

கிறிஸ்தவ அன்பர்களிடையே சாட்சி கூறல் என்பது ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. இடுக்கண், மன்றாட்டு, மீட்சி, துதி என்னும் வரன்முறை அதற்கு உண்டு. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், ஆழிப்பேரலையின் நினைவு நாளொன்றில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் அத்தகைய சாட்சியொன்றைச் செவிமடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்துள் திருப்பலியில் இருந்தமையால் உயிர் தப்பிய மீனவர் ஒருவர், மாதா தம்மைக் காத்தருளினாள் என்று கண்ணீர் மல்கக் கூறினார். அவர் முடித்ததும், அதே யாத்திரையில் தங்கையைக் கடற்கரையில் பறிகொடுத்த பெண்ணொருத்தி எழுந்து, "அப்போ என் தங்கச்சிய மாதாவுக்குப் பிடிக்கலியா அண்ணே?" என்றாள். அவையில் மறுமொழி எழவில்லை.

அக்கேள்விக்கு மறுமொழி தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேளாங்கண்ணியில் அன்று அலை ஆலயத்துள் புகவில்லை என்பது உண்மை; வெளியே நின்ற யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் மாண்டனர் என்பதும் உண்மை. இதனை ஆதாரமாகக் கொள்வோர், அதே நாளில் இலங்கையின் மாத்தறையில் நிகழ்ந்ததை என் செய்வர்? அங்கே மாதா ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோதே அலை உட்புகுந்தது. வழிபட்டுக்கொண்டிருந்தோர் பலர் மாண்டனர். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, லிஸ்பன் மாநகரின் தேவாலயங்கள் தம்முள் கூடியிருந்தோர் மீதே இடிந்து விழுந்தன. ஓரிடத்துச் சுவர் சான்றாகுமாயின், மற்றோரிடத்துச் சுவர் எதிர்ச்சான்றாகாதோ?

இவ்வாறு கேட்கும் தகுதி நமக்குண்டா எனவும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆச்சே நாட்டு லாம்புக் கிராமம் அடியோடு அழிய, ரஹ்மத்துல்லாஹ் பள்ளிவாசல் மட்டும் தனித்து நின்ற படத்தை நம்மவரும் அற்புதமென்று கைக்குக் கை கொடுத்தோம். அப்பள்ளியில் நேற்றுவரை தொழுதவர்கள் எங்கே என்று நாமும் கேட்கவில்லை. பிறர் கண்ணில் காணும் குறையை நம் கண்ணிலும் காண்பதே நீதி.

உண்மையில், இக்கணக்கைக் கிறிஸ்தவ வேதமே ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியில், மாண்டோர் மற்றவரினும் பாவிகள் என்னும் எண்ணத்தை ஈஸா நபி (அலை) மறுத்ததாக லூக்கா எழுதுகிறார். நாம் ஐயூப் நபியென்று போற்றும் யோபுவின் நூலோ இன்னும் நுட்பமானது. அதில் நான்கு தூதர்கள் ஒருவர்பின் ஒருவராய் ஓடிவந்து, தாம் மட்டுமே தப்பியதாக உரைக்கின்றனர். அவர்கள் நல்லவர்களா, தீயவர்களா? நூலாசிரியர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. செய்தி சொல்லவே அவர்கள் தப்பினர். தம்மைப் புகழ அன்று. துன்பத்துக்குக் காரணக் கணக்கெழுதிய யோபுவின் நண்பர்களே இறுதியில் கண்டிக்கப்படுகின்றனர்.

நம் மரபும் இதனையே வலியுறுத்துகிறது. ஹிஜ்ரி 18 வாக்கில் அம்வாஸ் கொள்ளைநோயில் மறைந்தவர், சுவர்க்க நன்மாராயம் பெற்ற அபூ உபைதா (ரலி) ஆவார். அவரினும் தாழ்ந்த படித்தரத்தார் எத்தனையோ பேர் பிழைத்திருந்தனர். நீரில் மூழ்கி மாண்டோரும் இடிபாட்டில் சிக்கி மாண்டோரும் ஷஹீதுகள் என்பது நபிமொழி. அது முஃமின்களை முன்னிட்டுக் கூறப்பட்டது. அதைக்கொண்டு பிறர்க்குத் தீர்ப்பெழுத நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் தெளிவானது: மூழ்கி மாண்டமை இறைவெறுப்பின் அடையாளம் அன்று.

நன்றி கூறுதல் குற்றமா? அன்று; ஷுக்ரு அடியானின் கடமை. நன்றி வாதமாக மாறும்போதே அது அயலாளின் புண்ணைக் கீறுகிறது. மற்றொரு தீங்கும் உண்டு: அற்புதப் பேச்சு மனிதக் குறையை மறைத்துவிடும். அன்று காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இந்துமாக்கடலுக்கு அந்நாளில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் அத்தகைய மையம் 2007ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கப் பணிக்கப்பட்டோர் நாம்.

அரபியில் சாட்சி சொல்பவன் ஷாஹித், உயிர்த்தியாகியோ ஷஹீத். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. தமிழ்க் கிறிஸ்தவரும் உயிர்த்தியாகியை இரத்தசாட்சி என்றே அழைக்கின்றனர். இருமொழியும் ஒன்றையே உணர்த்துகின்றன: சாட்சி பிழைத்தோர்க்கு மட்டும் உரியதன்று.

எனவே நெட்டுக்குப்பத்துச் சகோதரிக்கு நாம் கூறக்கூடியது இதுவே: "அம்மா, உன் தங்கை எந்த அருளுக்கும் புறம்பாக நிற்கவில்லை. ஏன் அவள், ஏன் இவரல்லர் என்பதை நாங்கள் அறியோம். அறிந்ததாகப் பேசுவோர் உனக்கு அநீதி செய்கின்றனர்." பிழைத்தவர் அவள் பெயரைச் சொல்லித் தம் சாட்சியைத் தொடங்குவாராக. அதுவே நிறைவான சாட்சியாகும். அல்லாஹ்வே யாவும் அறிந்தவன்.